மருத்துவ விடுப்பும் உடல்நலமும்: பதிவேடு காட்டுவதும் மறைப்பதும்

ஓராண்டு முழுதும் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காத ஊழியரை எந்த நிர்வாகமும் மெச்சும். பல ஆலைகளில் அவருக்கு வருகை ஊக்கத்தொகை உண்டு. அடிக்கடி விடுப்பு எழுதுபவர் மீதோ இரண்டில் ஒரு முத்திரை விழும்: தீராத நோயாளி, அல்லது மட்டம் போடுகிறவர். இந்த இரண்டு முடிவுகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. விடுப்பு நாள்களின் எண்ணிக்கை உடம்பில் உள்ள நோயின் அளவைச் சொல்லிவிடும் என்ற எண்ணம் அது.

இது எவ்வளவு தூரம் உண்மை என்று பிரிட்டன், பின்லாந்து, சுவீடன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். பல்லாயிரம் ஊழியர்களின் விடுப்புக் கணக்கையும், பின்னாளில் அவர்களுக்கு நேர்ந்த மாரடைப்பு, மரணம் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இவற்றுள் முதன்மையானவை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விடை தெளிகிறது. நீண்ட விடுப்பு உடம்பைப் பற்றிப் பெரும்பாலும் உண்மை சொல்கிறது. குறுகிய விடுப்பு கொஞ்சம்தான் சொல்கிறது. விடுப்பே எடுக்காத பூஜ்யம் எல்லாவற்றையும்விடக் குறைவாகச் சொல்கிறது. காரணம், நோய் நேராகப் பதிவேட்டுக்கு வருவதில்லை. சம்பளம், பதவி, வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஆகிய சல்லடைகளைத் தாண்டி விழும் நோய்தான் விடுப்பாகிறது.

உரிமையும் சந்தேகமும் சேர்ந்தே வந்தன

நோயுற்ற தொழிலாளிக்கு ஊதியம் தரும் முதல் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை 1883 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிஸ்மார்க்கின் ஜெர்மனி கொண்டுவந்தது. 13 வாரங்கள் வரை பாதி ஊதியம் தந்தது அந்தச் சட்டம். ஆனால் முதல் சில நாள்களுக்கு ஒன்றும் கிடையாது. பொய் சொல்லி விடுப்பு எடுப்பவரைத் தடுக்க இந்தக் காத்திருப்பு நாள்கள் வேண்டும் என்பது கணக்கு. இந்தச் சந்தேகம் பிறகு பல நாட்டுச் சட்டங்களில் நிலைத்துவிட்டது. தாராளமான நலத் திட்டங்களுக்குப் பெயர்பெற்ற சுவீடனும் 1993 இல் முதல் நாள் ஊதியத்தைப் பிடித்துக்கொள்ளும் விதியைக் கொண்டுவந்தது. இந்தியாவின் இ.எஸ்.ஐ. திட்டத்திலும் நோயின் முதல் இரண்டு நாள்களுக்குப் பொதுவாக உதவித்தொகை இல்லை.

இன்னொரு பாகுபாடும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஜெர்மனியில் மேசையில் அமர்ந்து வேலை செய்தவர்களுக்கு நோய் வந்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம் கிடைத்தது. பட்டறையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் உழைத்தவர்களுக்கு அது இல்லை. இதை எதிர்த்து வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநில உலோகத் தொழிலாளர்கள் 1956 அக்டோபரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 114 நாள்கள் நீடித்தது. 1957 இல் சட்டம் ஓரளவு திருந்தியது. இரு சாராருக்கும் ஒரே அளவு உரிமை 1970 இல்தான் வந்தது. ஒரே காய்ச்சலுக்கு இரண்டு விதமான விடுப்பு என்ற இந்த ஏற்பாடு, பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விடுப்புக் கணக்கைப் படிப்பவர் அது யாருடைய கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

நீண்ட விடுப்பு சொல்லும் உண்மை

இத்துறையில் அதிகம் பேசப்படுவது லண்டனில் 1985 இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு. மைக்கேல் மார்மட் தலைமையில் 35 முதல் 55 வயது வரையிலான 10,308 அரசு ஊழியர்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் அலுவலக வேலை பார்ப்பவர்கள். ஒரே நகரம், ஒரே முதலாளி. பிரிட்டனில் ஏழு நாள் வரையிலான விடுப்புக்கு ஊழியரே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால்தான் மருத்துவச் சான்று. எனவே குறுகிய விடுப்பு, நீண்ட விடுப்பு என்ற பிரிவு பதிவேட்டிலேயே தயாராக இருந்தது.

இந்தப் பதிவேட்டை வைத்து மிக்கா கிவிமாக்கியும் சக ஆய்வாளர்களும் 2003 இல் வெளியிட்ட முடிவு கூர்மையானது. பத்தாண்டுக்கு ஐந்து முறைக்கு மேல் சான்றுடன் கூடிய நீண்ட விடுப்பு எடுத்தவர்களின் இறப்பு விகிதம், அப்படி ஒரு விடுப்பும் எடுக்காதவர்களைப்போல் 4.8 மடங்கு. விடுப்பு அவர்களைக் கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. உள்ளே வளர்ந்துகொண்டிருந்த நோய், மரணத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே விடுப்புப் பதிவேட்டில் தலைகாட்டிவிட்டது என்றுதான் பொருள்.

எந்த நோய்க்கான விடுப்பு என்று 2008 இல் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் ஒரு முறையாவது நீண்ட விடுப்பு எடுத்தவர்களின் இறப்பு விகிதம், எடுக்காதவர்களைப்போல் 1.7 மடங்கு. இதயம், இரத்த ஓட்டம் தொடர்பான நோய்க்கு எடுத்தவர்களில் அது 4.7 மடங்கு. மனநோய்க்கு எடுத்தவர்களில் 1.9 மடங்கு. முதுகுவலி, மூட்டுவலி போன்ற தசை எலும்புச் சிக்கல்களுக்கு எடுத்தவர்களிடம் மரணத்தோடு எந்தத் தொடர்பும் தென்படவில்லை. பணியிடங்களில் நாள்கணக்காக மனிதர்களை முடக்கிப் போடுவதில் முன்னணியில் நிற்கும் வலி ஆயுளைக் குறைப்பதில்லை. சத்தமில்லாமல் வரும் இதய நோயோ சில விடுப்புகளிலேயே அபாயத்தைக் காட்டிவிடுகிறது. விடுப்பின் நீளத்தை மட்டும் எண்ணி உடல்நலத்தை மதிப்பிடுவது எவ்வளவு கரடுமுரடான வேலை என்பது இங்கே புரியும். மாறாக, காரணத்தோடு சேர்த்துப் படித்தால் ஆலை மருத்துவருக்கு அது நல்ல முன்னறிவிப்பு.

பூஜ்யத்தின் பின்னால்

இதே ஒயிட்ஹால் தரவிலிருந்து 2005 இல் மற்றொரு கேள்வி எழுப்பப்பட்டது. உடல்நலம் சரியில்லாத ஒருவர் விடுப்பே எடுக்காவிட்டால் என்ன ஆகும்? 5,071 ஆண் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. உடல்நலம் குன்றியவர்களுள் 17 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. அதே அளவு நலம் குன்றி, மிதமாக விடுப்பு எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தீவிர இதயத் தாக்குதல் இரண்டு மடங்கு வந்தது. பதிவேட்டில் மிகச் சுத்தமாக இருந்த வரிசைகளில் சில, மிகுந்த ஆபத்தில் இருந்தவர்களுடையவை.

இது உற்றுநோக்கல் ஆய்வு மட்டுமே; ஓய்வின்மைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடலியல் அந்தப் பக்கமே சாய்கிறது. காய்ச்சலும் சளியும் உடம்பில் அழற்சியைக் கூட்டுகின்றன, இரத்தம் உறையும் தன்மையை அதிகரிக்கின்றன, இதயத்தை வேகமாக ஓட வைக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இன்ஃப்ளூயன்சா தொற்று ஆய்வகத்தில் உறுதியானதை ஒட்டிய ஏழு நாள்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுகிறது. ஏற்கெனவே இதயம் பலவீனமாக உள்ளவர் அந்த வாரத்தில் மாடி ஏறி, பேருந்தில் தொங்கி, இலக்கை முடிக்க ஓடுவது சாதாரண விஷயம் இல்லை.

நோயோடு வேலைக்கு வரும் பழக்கத்தைப் பற்றி சுவீடனில் குன்னார் ஆரன்சனும் சகாக்களும் 2000 இல் ஆய்வு வெளியிட்டார்கள். 3,801 ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினர், விடுப்பு எடுத்திருக்க வேண்டிய நிலையிலும் ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அதிகம் போனவர்கள் நோயாளிகளைப் பராமரிப்பவர்களும் ஆசிரியர்களும். தாம் வராவிட்டால் எதிரே இருக்கும் மனிதர் தவிப்பார் என்ற எண்ணம் அவர்களை இழுத்துவந்தது. பிற்பாடு 2009 இல் வெளியான இன்னொரு சுவீடன் ஆய்வு இதன் விளைவைக் காட்டியது. ஓராண்டில் ஐந்து முறைக்கு மேல் நோயோடு வேலை செய்தவர்களுக்கு, பின்னாளில் 30 நாளுக்கு மேல் விடுப்பு எடுக்கும் நிலை வருவதற்கான வாய்ப்பு கூடியிருந்தது. இன்று தவிர்த்த இரண்டு நாள் விடுப்பு நாளைக்கு ஒரு மாத விடுப்பாகத் திரும்பலாம்.

பக்கத்து இருக்கைக்காரரின் உடல்

இதுவரை சொன்னது விடுப்பு எடுப்பவரின் உடலைப் பற்றி. தொற்று நோயில் பக்கத்தில் இருப்பவர் உடலும் கணக்கில் வருகிறது. இன்ஃப்ளூயன்சா நோயாளி, நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாள்களில்தான் அதிகம் பரப்புகிறார். காத்திருப்பு நாள்கள் விழுவதும் சரியாக அதே நாள்களில். ஏமாற்றுக்காரரைத் தடுக்க வைத்த விதி, கிருமி வீரியமாக இருக்கும்போது தொழிலாளியைப் பணியிடத்துக்கு அனுப்புகிறது. கொரோனா வந்தபோது சுவீடன் 2020 மார்ச்சில் தன் முதல்நாள் பிடித்தத்தை அரசுச் செலவில் ஈடுகட்டியதற்கு இதுவே காரணம்.

ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை எல்லாருக்கும் உறுதிசெய்யும் தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. 1993 இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, ஊதியம் இல்லாமல். அங்கே உணவகத் தொழிலாளர்களிடம் நடத்தி 2011 இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர், முந்தைய ஓராண்டில் இரண்டு ஷிப்டுகளாவது வாந்தியோடோ வயிற்றுப்போக்கோடோ வேலை செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கையால் பரிமாறப்பட்ட உணவைச் சாப்பிட்டவர்களும் இந்த விடுப்புக் கணக்கில் சம்பந்தப்பட்டவர்களே. 2020 மார்ச்சில் அமெரிக்கா தற்காலிகமாக இரண்டு வார ஊதிய விடுப்பை அறிவித்தது. அதனால் புதிதாக இந்த உரிமையைப் பெற்ற மாநிலங்களில் ஒரு நாளைக்கு, மாநிலத்துக்குச் சுமார் 400 கொரோனா தொற்றுகள் குறைந்ததாகப் பிக்லர், வென், சீபார்த் ஆகியோர் மதிப்பிட்டார்கள்.

விபத்துகளிலும் இதே போக்குதான். ஊதிய மருத்துவ விடுப்பு உரிமை உள்ள அமெரிக்கத் தொழிலாளர்களுக்குப் பணியிடக் காயம் ஏற்படும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைவிட 28 விழுக்காடு குறைவு என்று 2012 இல் வெளியான ஆய்வு கண்டது. மருந்து மயக்கத்திலோ காய்ச்சலிலோ இயந்திரத்தின் முன் நிற்பவர் கை தவறுவது எளிது.

பதவி, பயம், பணம்

ஒயிட்ஹால் ஊழியர்களில் கடைநிலை ஆண்களின் குறுகிய விடுப்பு, உயர் அதிகாரிகளுடையதைப்போல் ஆறு மடங்கு. கீழ்நிலையில் நோய் உண்மையிலேயே அதிகம் என்பது ஒரு பகுதி விளக்கம். மறுபகுதி வேலையின் தன்மை. ஜலதோஷம் பிடித்த மேலதிகாரி பத்து மணிக்கு வரலாம், கூட்டத்தைத் தள்ளிப்போடலாம், கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகக் கோப்பு பார்க்கலாம். கவுன்டரில் வரிசையைக் கவனிப்பவர் அரைகுறையாக வேலை செய்ய வழியில்லை. வந்தால் முழு வேலை, இல்லையென்றால் விடுப்பு. நோய்க்கு ஏற்ப வேலையை வளைக்க முடிகிறவருக்கு விடுப்பு குறைவாகத் தேவைப்படுகிறது. அதிகாரியின் சுத்தமான பதிவேடு அவருடைய ஆரோக்கியத்துக்கு மட்டும் சான்று இல்லை.

பயம் செய்யும் வேலையைப் பின்லாந்து காட்டியது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டைக் கடும் பொருளாதார நெருக்கடி தாக்க, நகராட்சிகள் ஆள்குறைப்பில் இறங்கின. யுஸ்ஸி வாஹ்டேராவின் குழு பத்து நகரங்களைச் சேர்ந்த 22,430 ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2004 இல் முடிவை வெளியிட்டது. பெரிய அளவில் ஆள் குறைத்த இடங்களில், தப்பி வேலையில் நீடித்தவர்களிடையே இதய நோய் இறப்பு இரண்டு மடங்காக இருந்தது. நிரந்தர ஊழியர்களிடம் மருத்துவ விடுப்பும் கூடியது. தற்காலிக ஊழியர்களிடம் விடுப்பு கூடவில்லை. அவர்கள் உடம்பு மட்டும் தனியாக வலுவாக இருந்தது என்று நினைக்கக் காரணமில்லை. அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலை உள்ளவர் விடுப்பு எழுதத் தயங்குவார் என்பதே இயல்பான விளக்கம்.

பணத்தைப் பற்றிய சான்று இரு பக்கமும் வெட்டுகிறது. ஜெர்மனி 1996 இல் நோய்க்காலச் சம்பளத்தை 100 விழுக்காட்டிலிருந்து 80 ஆகக் குறைத்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியதும் பழைய நிலைக்குத் திருப்பியது. சம்பளம் குறைந்த காலத்தில் சராசரியாக இரண்டு நாள் விடுப்பு குறைந்தது என்று புஹானியும் சொன்டர்ஹோஃபும் கணக்கிட்டார்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்பதற்கு உறுதியான ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாராளமான சம்பளம் விடுப்பை ஓரளவு நீட்டுகிறது என்பதை விடுப்பு உரிமைக்காக வாதாடுகிறவர்களும் ஏற்கத்தான் வேண்டும். எல்லா விடுப்பும் நோயின் கட்டாயத்தால் வருவதில்லை. ஆனால் 80 விழுக்காடு தருவதற்கும் ஒன்றுமே தராததற்கும் இடையில் பெரும் தொலைவு இருக்கிறது. வலுவான சமூகப் பாதுகாப்பு உள்ள நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் ஜெர்மனி சோதித்தது.

ஓய்வு எப்போது மருந்து?

விடுப்பு நல்லது என்றால் நீண்ட விடுப்பு மிக நல்லது என்ற முடிவுக்கும் ஆய்வுகள் இடம் தருவதில்லை. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் இடுப்புவலி வந்த 186 பேரை மூன்றாகப் பிரித்துச் செய்த சோதனை 1995 இல் வெளியானது. ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம். மூன்றாம் குழுவே விரைவில் தேறியது. படுக்கையில் கிடந்தவர்கள் மெதுவாகத் தேறினார்கள். முதுகுவலிக்குப் படுக்கைதான் மருந்து என்று தலைமுறைகளாக நம்பிய மருத்துவம் இத்தகைய சான்றுகளால் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது.

பகுதிநேர விடுப்பு என்ற யோசனையும் இதே திசையில் செல்கிறது. பின்லாந்தில் தசை எலும்பு வலி உள்ளவர்களிடம் நடந்த சிறிய சோதனையில், முழு விடுப்பு எடுத்தவர்களைவிடப் பாதி வேலை, பாதி விடுப்பு என்று இருந்தவர்கள் விரைவில் முழுப் பணிக்குத் திரும்பினார்கள். 2010 இல் பிரிட்டன், “வேலைக்குத் தகுதியில்லை” என்று மட்டும் எழுதிய மருத்துவச் சான்றை மாற்றி, “சில மாற்றங்களோடு வேலை செய்யலாம்” என்று மருத்துவர் எழுதவும் இடம் வைத்தது.

ஆக, நோய்க்கு நோய் விடுப்பின் வேலை மாறுகிறது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சில நாள் முழு ஓய்வு, அதுவும் முதல் நாளிலிருந்தே. இதய நோய்க்கு உடனடிச் சிகிச்சையும் பிறகு படிப்படியான திரும்புதலும். முதுகுவலிக்கு வேலையில் மாற்றமும் நடமாட்டமும். வேலையை மாற்றிக் கொடுக்க நிர்வாகம் தயாராக இல்லாத இடத்தில், “நடமாடினால் நல்லது” என்ற அறிவுரை மூட்டை தூக்குகிறவருக்கு எதிரான ஆயுதமாகிவிடும். பகுதிநேர விடுப்பு வெற்றிபெற்ற நாடுகளில் அதன் பின்னால் முழு விடுப்பு உரிமையும் பாதுகாப்பாக இருந்தது.

நம் பக்கம்

இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இ.எஸ்.ஐ. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் 1955 இல் கோவையில் காலூன்றியது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வரை, இரண்டு ஆண்டு வரை நீளும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 இலேயே ஆண்டுக்கு 12 நாள் மருத்துவ விடுப்பை எழுதிவைத்தது. ஏட்டில் இவை பல பணக்கார நாடுகளுக்குக் குறைந்தவை இல்லை.

ஆனால் உழைப்போரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுப்புப் பதிவேடே கிடையாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் தினக்கூலிக்குச் சாந்து சுமப்பவருக்கும் நோய் என்றால் அன்றைய கூலி இல்லை, அவ்வளவுதான். பதிவேடு உள்ள ஆலையிலும் ஒரு நாள் வராவிட்டால் அந்த மாதத்து ஊக்கத்தொகை போய்விடும் என்பதால், சட்டம் தரும் விடுப்பைச் சம்பள முறை திருப்பி வாங்கிக்கொள்கிறது.

உடல் இதற்கு எப்படி விலை கொடுக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் ஏறக்குறைய 100 பெண்களிடம் பேசித் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 இல் ஒரு புலனாய்வை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு விடுப்புக்குப் பதில் பெயர் இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அது சொன்னது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. கணவனும் மனைவியும் ஒரே கூலி அலகு. ஒருவர் ஒரு நாள் வராவிட்டாலும் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார். மாதவிடாயால் நாள் போகக் கூடாது என்று இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில், கருப்பை அகற்றப்பட்டவர்கள் 13,000 பேருக்கும் அதிகம். விடுப்பு மறுக்கப்பட்ட இடத்தில் உடலே வேலைக்கு ஏற்றபடி வெட்டப்பட்டது. ஒப்பந்தக்காரரின் கணக்கில் இந்தப் பெண்களின் வருகை மிகச் சிறப்பாகவே இருந்திருக்கும்.

பதிவேட்டைப் படிக்கும் முறை

இத்தனை ஆய்வுகளிலிருந்து நடைமுறைக்கு எடுக்கக்கூடியவை சில உண்டு. நீண்ட விடுப்பைக் காரணத்தோடு சேர்த்து முன்னெச்சரிக்கையாகப் பார்க்கலாம். குறிப்பாக இதயம் தொடர்பான விடுப்பு முடிந்து திரும்புகிறவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். குறுகிய விடுப்பை அவ்வளவு சந்தேகிக்கத் தேவையில்லை. அதைத் தடுக்கும் காத்திருப்பு நாள்கள் தொற்று நோயில் எதிர்விளைவையே தருகின்றன. வருகை ஊக்கத்தொகை நோயாளியையும் பணியிடத்துக்கு இழுக்கக்கூடும்; இ.எஸ்.ஐ. சான்று உள்ள நாள்களையாவது அதன் கணக்கிலிருந்து விலக்கலாம். நீண்ட விடுப்பிலிருந்து திரும்புகிறவருக்கு இலகுவான வேலை தருவது மருத்துவரின் எழுத்தோடு நிற்காமல் ஷிப்டு அட்டவணையிலும் ஏற வேண்டும்.

விடுப்பு குறைந்ததைக் காட்டித் தன் ஊழியர்கள் நலமாக இருப்பதாக ஒரு நிறுவனம் சொன்னால், அந்த எண்ணை ஏற்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விடுப்பு எடுத்திருந்தால் அவர்கள் எதை இழந்திருப்பார்கள்? இழப்பு ஒன்றும் இல்லை என்று விடை வரும் இடத்தில் மட்டுமே அந்த எண்ணை ஆரோக்கியத்தின் அளவாக எடுத்துக்கொள்ளலாம்.